பரணை ஒழித்தால் மூளைக்கு இடம் கிடைக்கும்

புதிய வேலைக்கான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மறுநாள், அந்த நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இதற்கு முன் வேலை பார்த்த மூன்று இடங்களின் ரிலீவிங் லெட்டரையும் மறுநாள் மாலைக்குள் அனுப்பச் சொன்னார்கள். இரண்டு கடிதங்கள் பீரோவில் இருந்தன. மூன்றாவதைக் காணோம். ஒன்றரை நாள் தேடினேன். கட்டிலுக்கு அடியில், டிவி ஸ்டாண்டுக்குள், பழைய சூட்கேஸில், எங்கும் இல்லை. கடைசியில் பரண் மேல் ஒரு கட்டைப்பைக்குள் கிடந்தது. மேலே கல்யாணப் பத்திரிகைகள், கீழே தீர்ந்துபோன கேஸ் புக். கெடு தாண்டிவிட்டதால் ஒரு நாள் அவகாசம் கேட்டு எழுதினேன். புதிய இடத்துக்கு நான் எழுதிய முதல் கடிதமே அவகாசம் கேட்டுத்தான்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பலகையில் அதன் உருவம் வரைந்திருக்கும். கருவி இல்லாவிட்டால் அந்த வெற்றிடம் கண்ணில் குத்தும். ஆயிரம் கருவிகளுக்கு நடுவே ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, சொந்த வீட்டில் ஒரு தாளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பட்டறைப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பாடம்தான்.

இது ஏன் வேலை சம்பந்தப்பட்ட விஷயம்?

வீட்டை ஒழிப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை, அதற்கும் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். 2020 மார்ச் ஊரடங்கிலிருந்து யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் பிள்ளையின் கிரேயான், அதற்கும் பக்கத்தில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி. அலுவலகம் திரும்பத் திறந்த பிறகும் பலருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடுதான் அலுவலகம். அப்படி வேலை இல்லாதவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பதும் நேர்காணலுக்குத் தயாராவதும் வீட்டில்தான்.

நம் கண்முன் பல பொருள்கள் கிடந்தால் மூளை அத்தனையையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயல்கிறது. அவை ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி மெக்மெய்ன்ஸ், சபீன் காஸ்ட்னர் இருவரும் மூளை ஸ்கேன் மூலம் இந்தப் போட்டியை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். வேண்டாததை ஒதுக்கி வேண்டியதில் கவனம் வைப்பதற்கே மூளை உழைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. லாஸ் ஏஞ்சல்ஸில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்த 60 பேரிடம், தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டி விவரிக்கச் சொன்னார்கள். 'இது அப்படியே கிடக்கிறது, அது இன்னும் முடியவில்லை' என்ற தொனியில் பேசிய மனைவிகளுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் ஹார்மோன் பகல் போகப்போகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. மாலையில் மனச்சோர்வும் கூடியிருந்தது. டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெபெட்டி இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது. சாமான்தான் அழுத்தத்துக்குக் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று காட்டுகிறது. அலுவலகத்திலிருந்து களைத்து வந்து கதவைத் திறந்ததும் பெருமூச்சு விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கண்டுகொண்டது ஒன்றுதான். வீட்டில் இடம் தெரியாமல் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் நாம் எடுக்காமல் தள்ளிப்போட்ட ஒரு முடிவு. ஓடாத மிக்ஸியைப் பழுது பார்ப்பதா, போடுவதா? இந்தச் சட்டை இனி சேருமா, சேராதா? இந்த ரசீது வேண்டுமா? கடந்து போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி லேசாக எட்டிப் பார்க்கிறது. நாளெல்லாம் அலுவலகத்தில் முடிவெடுத்துக் களைத்தவரை, வீட்டிலும் நூறு கேள்விகள் காத்திருந்து வரவேற்கின்றன.

பட்டறையின் ஐந்து சொற்கள்

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான முறைக்கு 'ஃபைவ் எஸ்' என்று பெயர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை என்று எந்த ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரைக் கேட்டாலும் சொல்வார். சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் டெமிங் விருது பெற்றது. தரத்துக்கான அந்த ஜப்பானிய விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். அந்தத் தர இயக்கத்தின் அரிச்சுவடி ஃபைவ் எஸ். ஐந்து படிகள் இவை:

1. செய்ரி: வேண்டியது, வேண்டாதது என்று பிரிப்பது.
2. செய்டோன்: வேண்டியதற்கு ஓர் இடம் ஒதுக்குவது.
3. செய்சோ: துடைத்துச் சுத்தம் செய்வது, துடைக்கும்போதே பழுதைக் கண்டுபிடிப்பது.
4. செய்கெட்சு: முதல் மூன்றையும் எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்குவது.
5. ஷிட்சுகே: யாரும் சொல்லாமலே அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவது.

வரிசையைக் கவனியுங்கள். பிரிப்பது முதலில், அடுக்குவது பிறகு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆன்லைனில் பத்து பிளாஸ்டிக் டப்பா வாங்கி, வேண்டாத சாமானையெல்லாம் அழகாக அடுக்கி வைக்கிறோம். இடமும் பிறக்கவில்லை, முடிவும் எடுக்கவில்லை. போதாக்குறைக்குப் பத்து டப்பா கூடிவிட்டது. எனவே முதல் விதி: ஒழித்து முடிக்கும்வரை ஒரு டப்பாகூட வாங்காதீர்கள்.

முதல் வாரம்: பரணில் ஏறாதீர்கள்

பெரும்பாலானோர் தோற்பது முதல் நாளிலேயே. உற்சாகமாகப் பரணில் ஏறி எல்லாவற்றையும் கூடத்தில் இறக்குவார்கள். பழைய ஆல்பம் ஒன்று கையில் கிடைக்கும். மதியம் வரை அதைப் புரட்டிவிட்டு, மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்றுவார்கள். ஜப்பானின் மேரி கோண்டோவும் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிய தன் புத்தகத்தில் இதையே எச்சரிக்கிறார். அவருடைய வரிசையில் துணி முதலில். புத்தகம், தாள், சில்லறைச் சாமான்கள் அதற்குப் பிறகு. நினைவுப் பொருள்கள் கடைசி. மனசு ஒட்டாதவற்றில் பழகிய கை, மனசு ஒட்டியவற்றில் தடுமாறாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை கொஞ்சம் வேறு. நாளொன்றுக்கு 20 நிமிடம் போதும். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள்: வேலை செய்யும் மேசை. மேசை இல்லாதவர்களுக்கு, லேப்டாப் வைக்கும் இடம்.

செவ்வாய்: அலுவலகப் பை. பழைய டிக்கெட், கான்டீன் டோக்கன், எழுதாத பேனா எல்லாம் வெளியே.

புதன்: சார்ஜரும் வயரும் கிடக்கும் இழுப்பறை. எதற்கு என்றே தெரியாத வயர் ஒவ்வொன்றும் வெளியே.

வியாழன்: மருந்துப் பெட்டி. ஒவ்வொரு அட்டையின் தேதியையும் பாருங்கள்.

வெள்ளி: அலுவலகத்துக்கு உடுத்தும் துணிகள் மட்டும்.

சனி, ஞாயிறு: தாள்கள். இதற்கு ஒரு மணி நேரம் தனியாக வேண்டும்.

மேசையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுநாள் காலை வேலைக்கு உட்காரும்போதே பலன் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தெம்புதான் அடுத்த ஆறு நாளையும் இழுத்துப் போகும்.

சிவப்புச் சீட்டு: தள்ளிப்போடுவதற்கும் ஒரு தேதி

பட்டறையில் ஒரு பொருள் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் அதன் மேல் சிவப்புச் சீட்டு கட்டுவோம். ரெட் டேக் என்பார்கள். என்ன பொருள், யார் கட்டியது, என்றைக்குக் கட்டியது, எந்தத் தேதிக்குள் முடிவு என்று நான்கு விவரங்கள் அதில் இருக்கும். சீட்டு கட்டியதெல்லாம் ஓர் ஓரத்தில் இருக்கும். தேதி வரை யாரும் வந்து கேட்காவிட்டால் அது வெளியே போகும்.

வீட்டுக்கும் இதையே செய்யுங்கள். பிரிக்கும்போது நான்கு குவியல் போதும்.

இருக்கட்டும்: கடந்த ஓராண்டில் பயன்படுத்தியது, அல்லது சட்டப்படி வைத்திருக்க வேண்டியது.

கொடுக்கலாம்: நன்றாக இருக்கிறது, நமக்குப் பயன்படவில்லை.

போடலாம்: உடைந்தது, கெட்டது, தேதி கடந்தது.

சிவப்புச் சீட்டு: முடிவு தெரியாதது.

நான்காவது குவியலை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே மார்க்கரால் மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதியை எழுதுங்கள். அதே தேதியைச் செல்போன் காலண்டரிலும் போடுங்கள். அதற்குள் எதையாவது தேடிப் பெட்டியைத் திறந்தால், அந்தப் பொருளுக்கு வீட்டில் இடம் உண்டு. திறக்கவே இல்லையென்றால் பெட்டி பெட்டியாகவே போகட்டும். எங்கள் வீட்டில் கட்டிய முதல் பெட்டியில் ஒரு சாண்ட்விச் டோஸ்டர், மூன்று ஹாட் பேக், பிள்ளையின் பழைய ஸ்கேட்டிங் ஷூ, நான்கு சுவர்க் கடிகாரம் இருந்தன. மூன்று மாதத்தில் ஒருவரும் ஒன்றையும் கேட்கவில்லை.

கையைப் பிடித்து இழுக்கும் நான்கு பேச்சு

*'எப்பவாவது உதவும்.'* டிவி வந்த அட்டைப்பெட்டி, ஓட்டல் பார்சல் டப்பா, ஜவுளிக்கடைப் பை எல்லாம் இந்தப் பேச்சில்தான் தங்கிவிடுகின்றன. உதவும் என்பது உண்மைதான், எத்தனை உதவும் என்பதுதான் கேள்வி. ஓர் எண்ணிக்கை வையுங்கள். பார்சல் டப்பா ஆறு, கட்டைப்பை ஐந்து, அட்டைப்பெட்டி இரண்டு. ஏழாவது டப்பா வந்தால் ஒன்று போகட்டும்.

*'காசு கொடுத்து வாங்கினது.'* வாங்கிய அன்றே காசு போய்விட்டது. மூலையில் வைத்திருப்பதால் அது திரும்பி வராது. வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 18,000 ரூபாய் வாடகை, வீடு 600 சதுர அடி என்றால், ஒரு சதுர அடிக்கு மாதம் 30 ரூபாய். ஏறி மிதிக்காத டிரெட்மில் 15 சதுர அடியை அடைத்துக்கொண்டிருந்தால், அதற்கு மட்டும் ஆண்டுக்கு 5,400 ரூபாய் வாடகை கொடுக்கிறீர்கள்.

*'நல்ல விலை வந்தால் விற்கலாம்.'* நம்முடையது என்றாலே பொருளுக்கு நம் கண்ணில் விலை ஏறிவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் மாணவர்களிடம் காபிக் கோப்பைகளை வைத்துச் செய்த சோதனையை 1990-இல் வெளியிட்டார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, கையில் இல்லாதவர்கள் தர முன்வந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்து சிறிது நேரமே ஆன கோப்பைக்கே இந்தக் கதி. பத்து வருஷம் வைத்திருந்த சோபாவுக்குக் கேட்க வேண்டுமா! ஆன்லைனில் விற்பனைக்குப் போடுங்கள். இரண்டு வாரத்தில் போகாவிட்டால் சும்மா கொடுத்துவிடுங்கள்.

*'அம்மா கொடுத்தது.'* இதற்கு அவசரம் கூடாது. சீரில் வந்த பித்தளை அண்டா, பாட்டி பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம், அப்பாவின் சைக்கிள் லைசென்ஸ் வில்லை, இவை கடைசி வாரத்துக்கு உரியவை. நினைவுக்கு ஒன்று போதும், இருபது வேண்டியதில்லை. அண்டா பரணில் இருட்டில் கிடப்பது கொடுத்தவருக்கு மரியாதை ஆகாது. அதைத் துலக்கிக் கூடத்தில் வைத்துச் செடி வளர்க்கலாம். பெரிய குடும்பம் நடத்தும் உறவினர் வீட்டுக்குக் கொடுத்துப் புழங்கச் சொல்லலாம்.

தாள்கள்: எது என்றைக்கும், எது சில காலம்

வேலைக்குப் போகிறவருக்கு வீட்டிலேயே விலைமதிப்பான பொருள் தாள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் தரைத்தளத்து வீடுகளில் இருந்தவர்கள் மதிப்பெண் பட்டியலையும் பத்திரத்தையும் இழந்தார்கள். நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களால் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏற முடிந்தது.

மூன்று ஃபைல் போதும்.

*முதல் ஃபைல், என்றைக்கும்:* பிறப்பு, திருமண, சாதிச் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை மதிப்பெண் பட்டியல்கள். வீட்டுப் பத்திரமும் மூலப் பத்திரங்களும் பட்டாவும். வீட்டைக் கட்டிய அல்லது புதுப்பித்த செலவுக்கான பில்கள் (வீட்டை விற்கும்போது வரிக் கணக்குக்கு இவை வேண்டும்). நடப்பில் இருக்கும் காப்பீட்டுப் பாலிசிகள். தண்ணீர் புகாத உறையில் இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள்.

*இரண்டாவது ஃபைல், வேலை:* ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் உறை. அதில் நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், ஃபார்ம் 16. 2014-இல் யு.ஏ.என். எண் வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்கள், பழைய பி.எஃப். கணக்கு எண் உள்ள சீட்டை அவசரப்பட்டுக் கிழிக்காதீர்கள். அந்தக் கணக்கு இப்போதைய யு.ஏ.என். எண்ணோடு சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். அது உங்கள் பணம்.

*மூன்றாவது ஃபைல், சில காலம்:* வருமான வரி தொடர்பான தாள்கள் எட்டு ஆண்டு. வீட்டு உபயோகப் பொருள்களின் பில்லும் வாரன்ட்டி அட்டையும் அந்த வாரன்ட்டி முடியும்வரை. மின்கட்டண ரசீது, ஸ்கூல் ஃபீஸ் ரசீது ஓராண்டு. ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஃபைலை மட்டும் சலித்தால் போதும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அந்தந்தத் துறையிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். அப்படித் துறையே வழங்கும் டிஜிட்டல் ஆவணத்துக்குச் சட்டப்படி அசலுக்கு உள்ள மதிப்பு உண்டு. நீங்களே படம் எடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வேண்டாத தாள்களைப் பழைய பேப்பர் கடையில் போடுமுன் ஆதார் நகல், பான் நகல், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் தனியே எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துவிடுங்கள். உங்கள் எண்ணும் கையெழுத்தும் உள்ள தாளில் யாரோ பஜ்ஜி மடித்துக் கொடுக்கும் நிலை வேண்டாம்.

அடுத்தவர் பொருளைத் தொடாதீர்கள்

பட்டறையில் கடுமையான ஒரு விதி உண்டு. அடுத்த பிரிவின் பொருளுக்கு நீங்கள் சீட்டு கட்டலாம், தூக்கிப்போட முடியாது. முடிவு அந்தப் பிரிவின் பொறுப்பாளருடையது. வீட்டில் இந்த விதியை மீறித்தான் பல சண்டைகள் வருகின்றன.

மாமியார் பத்திரப்படுத்திய ஊறுகாய் பாட்டில்களை அவர் ஊருக்குப் போன நேரத்தில் எடுத்துப் போட்டால், போனது பாட்டில் மட்டும் இல்லை. ரேஷன் வரிசையில் நின்று, ஒரு டப்பாவைப் பத்து வருஷம் புழங்கி வளர்ந்த தலைமுறை அது. எதையும் வீணாக்காத அந்தக் குணத்தால்தான் நாம் படித்தோம். "இதையெல்லாம் தூக்கிப் போடலாமா அத்தை?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "இதில் உங்களுக்குப் பிடிச்ச ஆறு பாட்டிலை எடுத்து வையுங்க அத்தை, அதுக்குத் தனியா ஒரு தட்டு ஒதுக்கித் தர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கைக்குப் போகிறது. மிச்சத்தை அவரே எடுத்து வெளியே வைப்பார்.

பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஒரு கூடையைக் கொடுத்து, "இது கொள்ளுற அளவு பொம்மை உன்னோடது, எதுன்னு நீயே சொல்லு கண்ணு" என்று விடுங்கள். கூடைதான் அளவு. பிற்காலத்தில் பட்ஜெட் போடக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அந்தக் கூடை.

வெளியே போகும் பொருளுக்கும் முகவரி வேண்டும்

வாசலில் மூட்டை கட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. அந்த மூட்டை ஒரு மாதம் வாசலிலேயே கிடக்கும்.

தாள், அட்டை எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. இரும்பு, பித்தளை, உடைந்த நாற்காலி எல்லாம் காயலான் கடைக்கு. இந்த இரண்டு கடைகளும் நம் ஊரின் சத்தமில்லாத மறுசுழற்சி நிலையங்கள்.

துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். நீங்களே உடுத்தத் தயங்கும் துணியை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூன்ஞ் அமைப்பு நாடு முழுவதும் துணிகளைப் பெற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளப் பொருள்களை வைக்கும் 'அன்புச் சுவர்' உங்கள் ஊரில் இருந்தால் அங்கே வைக்கலாம்.

பழைய செல்போன், லேப்டாப், சார்ஜர் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மின்கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருவதுதான் முறை. கொடுக்குமுன் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

தேதி கடந்த மருந்து, பெயின்ட் டப்பா, பல்பு ஆகியவற்றைத் தனியாகக் கட்டி, ஆபத்தான கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அவர் கை வெட்டுப்படாமல் இருப்பது நம் பொறுப்பு.

போகியன்று எரிப்பது தீர்வாகாது. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை சென்னையில் விமானங்களையே தாமதப்படுத்திய ஆண்டுகள் உண்டு. போகியின் சாரம் ஒழிப்பதில் இருக்கிறது. எரிக்காமலும் ஒழிக்கலாம்.

ஓர் அறை வீட்டில் அலுவலகம்

தனி அறை இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்க வேண்டாம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்குத்தான் இது அதிகம் தேவை. அவர்களுக்கு நான் சொல்வது ஒரு டிரே.

லேப்டாப், சார்ஜர், ஹெட்செட், நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். ஒருநாள் வேலைக்கு வேண்டியதெல்லாம் ஒரே டிரேயில் அல்லது ஒரே பையில். காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து டிரேயை இறக்கினால் அது அலுவலகம். மாலை ஏழு மணிக்கு டிரேயைத் தூக்கி பீரோ மேல் வைத்தால் அது திரும்பவும் சாப்பாட்டு மேசை. ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் மெஷினை ஒப்படைப்பதைப்போல, வேலை தன் இடத்தைக் குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. 'இன்னும் ஒரு மெயில்' என்று இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறக்கும் பழக்கம், டிரே மேலே போனால் பாதி குறையும்.

டிரேயை வைப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் மறுநாள் முதல் வேலையை எழுதி மேலே வையுங்கள். முடியாத வேலை மனதில் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதி வைத்துவிட்டால் மனம் அதைக் கீழே இறக்கி வைக்கிறது.

திரும்பச் சேராமல் காக்க நான்கு பழக்கம்

ஒழிப்பது ஒரு மாத வேலை, காப்பது ஆயுள் வேலை. ஃபைவ் எஸ்ஸின் கடைசி இரண்டு சொற்களும் இதற்குத்தான்.

*ஒன்று வந்தால் ஒன்று போகட்டும்.* தீபாவளிக்கு ஐந்து உருப்படி வந்தால் அந்த வாரமே ஐந்து உருப்படி வெளியே.

*24 மணி நேரம் காத்திருங்கள்.* ஆன்லைனில் பிடித்த பொருளைக் கூடையில் போட்டுவிட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள், 'இதை வீட்டில் எங்கே வைப்பேன்?' என்று கேளுங்கள். இடம் சொல்ல முடியாத பொருளை வாங்காதீர்கள். விசேஷ வீட்டுக்காரர்களும் யோசிக்கலாம். ரிட்டர்ன் கிஃப்டாகப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் தின்பண்டமோ செடியோ மஞ்சப்பையோ கொடுத்தால், இன்னொருவர் வீட்டில் சாமான் சேராது.

*இரவு பத்து நிமிடம்.* சாப்பிட்ட பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து, இடம் மாறிய பொருளை இடத்தில் வைப்பது. ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லோரும் என்பது முக்கியம். ஒழிக்கும் பொறுப்பு ஒரு பெண்ணின் தலையில் மட்டும் விழும் வீட்டில் எந்த முறையும் ஆறு மாதம் தாங்காது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வில் கார்ட்டிசால் குறையாமல் இருந்தது மனைவிகளுக்குத்தான் என்பதை மறக்காதீர்கள்.

*ஆண்டுக்கு இரண்டு தணிக்கை.* அதற்கு நம்மிடம் நாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முன் வாரம் வேலைக் கருவிகளும் தாள்களும். போகிக்கு முன் வாரம் துணியும் பாத்திரமும் பரணும். கருவியைத் துடைத்துப் பொட்டு வைத்து அடுத்த வேலைக்கு ஆயத்தமாவதை நம் முன்னோர் ஒரு பண்டிகையாகவே வைத்தார்கள். அதை அலுவலகத்தில் பொரி, கடலை வாங்கும் நாளாகச் சுருக்கிவிடாமல், வீட்டு மேசையிலும் கொண்டாடுங்கள்.

இன்றிரவே ஓர் இழுப்பறை

குப்பையாகக் கிடக்கும் வீட்டில் இருப்பவர் சோம்பேறி என்று அர்த்தம் இல்லை. இரண்டு பேர் வேலைக்குப் போய், பிள்ளையைப் படிக்க வைத்து, பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வீட்டில் பொருள்கள் சேரத்தான் செய்யும். வீட்டை ஒழுங்குபடுத்த உலகுக்கே கற்றுக்கொடுத்த மேரி கோண்டோவே, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு பிள்ளைகளோடு இருப்பதற்கே முதலிடம் தருகிறேன் என்று 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். கண்காட்சிபோல் ஒரு வீடு நமக்கு வேண்டாம். தேடினால் அரை நிமிடத்தில் கிடைக்கும் வீடு போதும்.

எங்கள் வீட்டில் இப்போது வேலை ஃபைல் பீரோவின் இரண்டாவது தட்டில் இடது ஓரம் இருக்கிறது. நான் ஊரில் இல்லாவிட்டாலும் என் மகள் எடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிடுவாள். ஒரு தாள் இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிவதுதான் உண்மையான ஒழுங்கு.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். இன்றிரவு ஓர் இழுப்பறையைத் திறங்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முடிவு சொல்லுங்கள். 20 நிமிடத்தில் மூடுங்கள். நாளைக்கு அடுத்த இழுப்பறை.